வெள்ளை வேட்டிக்கு முன்னால் ஒரு முகம்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, பகலெல்லாம் தையல் மெஷினோடு இருந்தேன். துபாயிலிருந்து லீவில் வந்த என் தம்பி, கைக்கு அடக்கமான ஒரு டிஜிட்டல் கேமராவை என் மடியில் போட்டுவிட்டு, "நான் புதுசு வாங்கிட்டேன், இதை நீ வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பயங்கரக் கூச்சக்காரி. இறங்க வேண்டிய இடத்தில் "இறங்கணும்" என்று குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தவள். கேமராவில் எந்த பட்டன் எதற்கு என்று யாரிடமாவது கேட்பேனா? கேட்கவில்லை. இரண்டு மாதம் அது பீரோவில் தூங்கியது. ஒருநாள் என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் பழைய புத்தகம் விற்பவரிடம் பார்த்து, தமிழில் ஒரு கேமரா கைடு வாங்கி வந்தார். இருபத்திரண்டு பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் செய்து பார்க்கப் பயிற்சி.

பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி அதற்கு பிரவுன் அட்டை போட்டேன். வாரம் ஒரு பாடம். ஜன்னலோரம் ஒரு பொருளை வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்றால், எவர்சில்வர் டம்ளரை வைத்து நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "டம்ளருக்கு மாப்பிள்ளை பார்க்கிறியா?" என்றார். அவர் சிரித்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடமும் வாய் திறக்காமல் ஒன்றைக் கற்றுக்கொள்ள முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எல்லாப் பாடத்தையும் வரிசையாகத்தான் செய்தேன், ஒன்பதாவதைத் தவிர. அதைத் திறந்தால் கூட்டல் குறி, கழித்தல் குறி, புள்ளி மூன்று, புள்ளி ஏழு என்று ஒரே எண்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, அதோடு படிப்பை விட்டவள் நான். இது படித்தவர்களுக்கான பாடம் என்று முடிவுசெய்து, பத்தாவதற்குப் போய்விட்டேன்.

கீழ் போர்ஷனில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கணவர் தவறிப் பல வருடமாகிறது, பிள்ளை இல்லை. வீட்டிலேயே நைட்டி வியாபாரம். அந்த நைட்டிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பது நான். அவர் பேசுவார், நான் தைப்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஓடியது. அந்த வருடம் படப்பையில் இருக்கும் அவருடைய தம்பி ஹஜ்ஜுக்குப் போவதாக முடிவானது. அக்காவுக்கும் போக ஆசை. பெண் தனியாகப் போக முடியாது, கூடப் பிறந்தவனாவது வர வேண்டும். தம்பி அடுத்த வருடம் வேலைக்கு வெளிநாடு போகிறார். ஆகவே இந்த வருடம் விட்டால் எப்போது என்று தெரியாது. அக்கா எல்லாப் பேப்பரும் தயார் செய்துவிட்டார். போட்டோ மட்டும் பாக்கி.

ஒரு காலை மாடிப்படி ஏறி வந்து என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ அந்த டம்ளரை எடுக்கிற மாதிரி என்னை ஒரு படம் எடுத்துக் குடுடி."

"ஸ்டூடியோவிலே நல்லா எடுப்பாங்களே அக்கா" என்றேன்.

"ஸ்டூடியோ கதையைச் சொல்லாதே. போன தடவை ரேஷன் கார்டுக்குப் போனப்போ, அந்த ஆளு என் தாடையைப் பிடிச்சு இப்படித் திருப்புறான், அப்படித் திருப்புறான். கத்திரிக்காய் வாங்குற மாதிரி. முக்காட்டை வேற அவனே இழுத்துச் சரி பண்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. ஒண்ணும் சொல்ல முடியாம உட்கார்ந்திருந்தேன்."

"ஆனா எப்படியும் அந்தப் படத்தை ஆபீசர் எல்லாம் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும்டி. பார்க்கிறதுக்குத்தானே போட்டோ? மேல கை வைக்காம எடுக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

பதினோரு பாடம் முடித்திருந்த தைரியம் எனக்கு. சரி என்றேன். போட்டோவுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் இருந்தது. வீட்டுக்காரரின் பெருநாள் வேட்டியை எடுத்து மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டேன். ஆளைத் துணியிலிருந்து தள்ளி உட்காரவைத்தால் நிழல் விழாது என்று புத்தகத்தில் படித்ததை ஞாபகமாகச் செய்தேன். நல்ல வெயில். ஆகாயத்தில் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது தலைக்கு மேல் வரும்போதெல்லாம் அக்கா அண்ணாந்து பார்த்தார். பார்க்காதீங்க என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. விமானம் போகும்வரை காத்திருந்து, மூன்று படம் எடுத்தேன். அந்தச் சின்னத் திரையில் வெயில் அடித்து, என் முகம்தான் தெரிந்தது. ஏதோ உருவம் இருந்தது. "ஆச்சு அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் வைத்து போட்டோ பிரிண்டும் போடுவார்கள். நடத்துவது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கல்லாவுக்கு மேல் இயேசு படம் இருக்கும். கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். திரையில் படம் வந்ததும் அவர் ஒரு மாதிரி பார்த்தார். வேட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்கு முன்னால் அக்காவின் முகம் கரித்துண்டு மாதிரி.

"கொஞ்சம் வெளிச்சம் ஏத்திப் பார்க்கிறேன்" என்று அந்த அம்மா எதையோ தட்டினார். முகம் வெளுத்தது, ஆனால் திட்டுத் திட்டாக, அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் சரி, இதையே போடுங்கள் என்று வாங்கி வந்தேன். இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லக் கூச்சம். தப்புச் செய்தேன் என்று ஒத்துக்கொள்ள அதைவிடக் கூச்சம். பாஸ்போர்ட் சைஸ் படம்தானே, சின்னதாக இருக்கும்போது யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

விண்ணப்பங்களைப் பூர்த்திசெய்து நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாய் ஒருவர் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்தார். கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்காவும் நானும் போனோம். பாய் போட்டோவைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். போட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்கதானா?"

"வேற யாரு?" என்றார் அக்கா.

"மூஞ்சியே தெரியலயேம்மா. இதை ஒட்டி அனுப்பினா அப்படியே திருப்பிடுவாங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது." குரலில் கோபமில்லை. "நாளைக்குக் காலையில பதினோரு மணி வண்டிக்கு நான் கிளம்பிடுவேன். அதுக்குள்ள வேற போட்டோ கொண்டாந்துடுங்க. ஸ்டூடியோவுல போய் எடுங்க, கால் மணி நேர வேலை."

வெளியே வந்தோம். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரயில்வே மேம்பாலத்துக்கு வரும் வழியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதன் வாசலில் நின்றார்.

"விடு. இங்கேயே எடுத்துக்கிறேன். அல்லாஹ்வுக்காகப் போற காரியம். எவனோ ஒருத்தன் தாடையைப் பிடிச்சா பிடிச்சுட்டுப் போறான்."

சொல்லிவிட்டு முக்காட்டை இறுக்கமாக இழுத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுப்பவர் அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தார். அவர் வேலை அது, தப்பில்லை. ஆனால் அக்காவின் கை கதவில் இருந்ததே தவிர, தள்ளவில்லை. நான் செய்த தப்புக்கு இவர் ஏன் இந்தக் கதவைத் தள்ள வேண்டும் என்று தோன்றியது.

அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன். "அக்கா, எனக்கு இன்னைக்குச் சாயங்காலம் வரை குடுங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஸ்டூடியோ திறந்துதானே இருக்கும். நான் தோத்தா அப்ப வரலாம்."

அக்கா என்னைப் பார்த்தார், கதவிலிருந்து கையை எடுத்தார். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தேன். எங்கே பார்ப்பது என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் தாண்டிவந்தது ஒரே ஒரு பாடம்தான். மெஷின் மேல் ஒன்பதாவது பாடத்தைத் திறந்துவைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தேன். முதல் பத்தியிலேயே என் தப்பு இருந்தது. பின்னால் வெள்ளையாக நிறைய இருந்தால், வெளிச்சம் ரொம்ப அதிகம் என்று கேமரா தப்பாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுமாம். அது தப்பாக நினைக்கிறது, நீ கொஞ்சம் கூட்டு என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் அந்தக் கூட்டல் குறி. புள்ளி மூன்று என்றால் கொஞ்சம், புள்ளி ஏழு என்றால் இன்னும் கொஞ்சம், ஒன்று என்றால் நன்றாகவே. இவ்வளவுதான். இது கணக்கே இல்லை. ஜாக்கெட் இறுக்கமாக இருக்கிறது என்றால் கால் இஞ்ச் பிரித்துவிடுகிறோம், இன்னும் போதவில்லை என்றால் அரை இஞ்ச். அதைத் தினமும் செய்கிறவள் நான். இந்த மூன்று பக்கத்துக்குப் பயந்து ஒரு மனுஷியை அந்தக் கதவுவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே என்று இருந்தது.

அக்கா சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு மாடிக்கு வந்தார். மணி ஐந்து இருக்கும். வேட்டியை இந்தத் தடவை தண்ணீர்த் தொட்டியின் நிழல் பக்கம் கட்டியிருந்தேன். ஸ்டூலில் உட்காரவைத்தேன். கேமராவை ஆன் செய்தால், லென்ஸ் எழும்பி, ஒரு முனகல் முனகி, அணைந்துவிட்டது. செல் தீர்ந்துவிட்டது! கடைக்கு ஓடி வருவதற்குள் வெளிச்சம் இறங்கிவிடும். கீழே ஓடினேன். ஹால் கடிகாரத்திலிருந்து ஒரு பென்சில் செல், அலமாரி டைம்பீஸிலிருந்து ஒன்று. பிடுங்கிக்கொண்டு மேலே வந்தேன். கடிகாரத்துச் செல் கேமராவுக்கு ரொம்ப நேரம் தாங்காது என்று இரண்டாம் பாடத்திலேயே படித்திருக்கிறேன். நாலைந்து படம் கிடைத்தால் அதிகம்.

ஆகவே நான் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். போன தடவை மாதிரி ஊமையாக நின்று அமுக்க முடியாது.

"அக்கா, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. போதும். இடது தோள் ஏறியிருக்கு, விடுங்க. முக்காட்டை நீங்களே காதுப் பக்கம் ஒரு விரல் அளவு பின்னால தள்ளுங்க. மூச்சு விடுங்க. கண்ணு இங்கே."

"அடியே! இவ்வளவு நாளா இந்த வாயை எங்கேடி வச்சிருந்தே?"

"சிரிக்காதீங்க அக்கா, பல்லு தெரியக் கூடாதாம்."

அந்த நேரம் பார்த்து மேலே விமானம் வந்தது. அக்காவின் கழுத்து தானாக நிமிர ஆரம்பித்தது.

"மேல பார்க்காதீங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

புள்ளி மூன்று வைத்து ஒன்று எடுத்தேன். திரையைப் பார்த்தால் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. போன தடவை ஏமாந்தது இங்கேதான். ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்காகத் தோளில் போட்டிருந்த என் புர்காவை எடுத்துத் தலையோடு கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டு, அந்த இருட்டுக்குள் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது. முகம் இன்னும் மங்கல்தான்.

"உள்ளே போய் என்னடி பண்றே? தனியா படம் ஓட்டிப் பார்க்கிறியா?"

"பேசாதீங்க, உதடு கோணும்."

புள்ளி ஏழு. மறுபடி புர்காவுக்குள். பரவாயில்லை. ஒன்று. மறுபடி உள்ளே போனேன். வேட்டி வேட்டியாக வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால் அக்கா இருந்தார். நெற்றியில் தொழுகைத் தழும்பு, மூக்கின் ஓரத்தில் சின்ன மச்சம், கண்ணுக்குக் கீழே சுருக்கம், எல்லாம் அப்படியே. இன்னும் ஒன்று எடுக்கலாம் என்று அமுக்குவதற்குள் கேமரா அணைந்துவிட்டது. கடிகாரச் செல் அதற்கு மேல் தாங்கவில்லை.

கார்டைக் கழற்றி ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு பாலம் ஏறி இறங்கினேன். ஜெராக்ஸ் கடை அம்மா படத்தைத் திரையில் திறந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

"இதுல நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்லையே. அப்படியே போட்டுடலாம்" என்றவர், பிரிண்ட் வருகிற வரை காத்திருக்கும்போது கேட்டார். "எந்த ஸ்டூடியோ?"

"நான்தான் எடுத்தேன்" என்றேன். தலையைக் குனியாமல், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் ஹாலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு பத்துதானா ஆகுது? நான் சீக்கிரம் வந்துட்டேனா?" என்றார். டைம்பீஸைப் பார்த்தார். அதுவும் ஐந்து பத்து. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

மறுநாள் ஒன்பதரை மணிக்குப் பாய் கடையில் இருந்தோம். பாய் போட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பசையைத் திறந்து ஒட்டினார். ஒட்டிய பிறகு, "ஸ்டூடியோவுல நேத்தே எடுத்திருக்கலாம் இல்ல?" என்றார். அக்கா என்னைக் காட்டி, "ஸ்டூடியோ இதோ நிக்குது பாய்" என்றார்.

அந்த வருடமே அவருக்கு வாய்த்தது. போய்விட்டுத் திரும்பிய மறுநாள் மக்காவின் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையையும் காட்டினார். அத்தனை நாள் வியர்வையிலும் கூட்டத்திலும் அதன் பிளாஸ்டிக் மங்கி, ஓரமெல்லாம் நைந்திருந்தது. உள்ளே முகம் மட்டும் தெளிவாக இருந்தது. ஒருநாள் கூட்டத்தில் தம்பியைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்றாராம். பாஷை தெரியாத ஒரு காவலாளி அட்டையைப் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டி, சரியான கூடாரத்துக்குக் கொண்டுபோய் விட்டாராம்.

"அந்தக் கறுப்புப் போட்டோவா இருந்திருந்தா, இது யாரோ திருடின்னு பிடிச்சு உள்ளே போட்டிருப்பான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கீழே போன பிறகு வெகுநேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் கூச்சத்துக்கு இன்னொருத்தரை எவ்வளவு பெரிய விலை கொடுக்கவைக்கப் பார்த்தேன்!

அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் பலர் பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, கல்லூரி விண்ணப்பம் என்று என் மொட்டை மாடிக்கு வர ஆரம்பித்தார்கள். தொடாமல், வாயால் சொல்லியே எல்லோரையும் நேராக உட்காரவைக்கிறேன். வீட்டுக்காரர் தனக்கென்று புது வேட்டி வாங்கிக்கொண்டார். அந்தத் திட்டுத் திட்டான போட்டோவில் ஒன்றை மட்டும் நான் கிழித்துப் போடவில்லை. ஒன்பதாவது பாடத்தில், கூட்டல் குறி இருக்கிற பக்கத்தில் வைத்திருக்கிறேன். இது நமக்கு வராது என்று ஏதாவது ஒன்றை நான் தாண்டிப் போகப் பார்க்கும்போதெல்லாம், அந்த முகம் தெரியாத படத்திலிருந்து அக்கா, "என்னைத் தெரியுதாடி?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது, உடனே திரும்பி வந்து அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன்.